புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லி வருகிறார்களா? புதிய நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிளை நூலகங்களுக்குப் புதிதாக வரும் நூலகர்களைப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடத்தில் அவர்களும் சறுக்குகிறார்கள். புகார் சொல்ல வந்தவரிடம் கத்தக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சொன்னதும் பீரோவில் வைத்துப் பூட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு கிளை நூலகம். மாலையில் நாலைந்து பேர் வந்து ஒரு நாவலை மேசைமேல் போட்டு, பேனாவால் கோடு போட்டிருந்த பத்தியைக் காட்டி, "எங்க சாதியைக் கேவலமா எழுதியிருக்கான், இதை எப்படி சார் வெச்சிருக்கீங்க?" என்றார்கள். நூலகர் பயந்துபோய் அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். காகிதத்தில் ஒரு வரி இல்லை.

அப்புறம் ஒரு கல்லூரி மாணவி ஆய்வுக்காக அதே நாவலைக் கேட்டார். "யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்கம்மா" என்று பதில். பொய். சேர்க்கைப் பதிவேட்டில் புத்தகம் இருக்கிறது, அலமாரியில் இல்லை, வழங்கல் பதிவேட்டிலும் இல்லை. இருப்பு சரிபார்க்க வந்தால் அந்த நூலகர் என்ன சொல்வார்? அதைவிட மோசம், விஷயம் பரவி அடுத்த கூட்டம் வேறொரு புத்தகத்தோடு வந்து நின்றது.

ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய மாநில அரசு காரணம் சொல்லி அறிவிக்கை வெளியிட வேண்டும். முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆவது பிரிவு. அதை எதிர்த்தும் 2 மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். 2015இல் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சில் ஒரு நாவலாசிரியரிடம், தன் நாவலின் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்து வாங்கினார்கள். அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரிகள் முன்னால் போட்ட கையெழுத்தே நிற்கவில்லை. நாலு பேர் வாய்ச்சொல்லுக்கு நீங்கள் ஏன் பூட்டுப் போடுகிறீர்கள்?

வந்தவர்களை உட்கார வையுங்கள். எந்தப் பக்கம், என்ன ஆட்சேபம், முழுப் புத்தகமும் படித்தாரா என்று எழுதி வாங்குங்கள். பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை புத்தகம் அலமாரியில்தான் இருக்க வேண்டும். எழுதித் தாருங்கள் என்றதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

"அதை யார் எடுத்துப் படித்தார்?"

சொல்லாதீர்கள். போலீஸ் கேட்டாலும் எழுத்தில் கேட்கச் சொல்லி மேலே அனுப்புங்கள்.

கழிவுப் பட்டியலில் நுழைப்பது

கழிவு, அதாவது இருப்பிலிருந்து நீக்குவது, நைந்துபோன புத்தகத்துக்கு. பிடிக்காத புத்தகத்துக்கு அல்ல.

தெலுங்கு, கன்னட அலமாரியை ஓரங்கட்டுவது

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது நடக்கிறது. "இங்க எதுக்கு வேற பாஷை?" என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், அந்தப் புத்தகங்கள் இருட்டு மூலைக்குப் போய்விடுகின்றன. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நாமே எடுத்துவிடுகிறோம். 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி வசூலாகிறது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களும் அதைக் கட்டுகிறார்கள். அலமாரியில் கை வைக்கும் முன் வழங்கல் பதிவேட்டைப் புரட்டி, அந்தப் புத்தகங்களை எத்தனை பேர் எடுத்துப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.