ஆடம்பரப் பொருளின் விலையை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்களில் ஒன்றுக்குப் பல மடங்கு விலை கொடுப்பவரை ஏமாளி என்று தள்ளிவிடுவதே பலரும் செய்யும் முதல் தவறு. பொருளின் பயனோடு, பிறர் பார்வையில் அது பெற்றுத்தரும் இடத்தையும் சேர்த்தே அவர் வாங்குகிறார். செலவு செய்வது பிறர் கண்ணில் பட வேண்டும் என்பதே செலவின் நோக்கமாக இருக்கக்கூடும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899-ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார்.

அதைவிடப் பெரிய தவறு, அந்தஸ்துக்காகக் கொடுத்த பணத்தைத் தரத்துக்காகக் கொடுத்ததாக நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. கைக்கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். துல்லியமான கடிகாரங்களுக்குச் சுவிட்சர்லாந்தில் வழங்கப்படும் குரோனோமீட்டர் சான்றிதழுக்குரிய சோதனையில், இயந்திரக் கடிகாரம் சராசரியாக நாளொன்றுக்கு 4 நொடி பின்தங்கலாம் அல்லது 6 நொடி முந்தலாம்; பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுவதற்கும் சேர்த்தே ஏறத்தாழ 15 நொடிதான் பிசகும். 1969-இல் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், துல்லியத்துக்காக இயந்திரக் கடிகாரத்தைத் தேடும் தேவை படிப்படியாக அற்றுப்போனது. நுண்ணிய பற்சக்கரங்களின் வேலைப்பாட்டுக்காகவோ, அதன் பெயருக்குள்ள மதிப்புக்காகவோ ஒருவர் அதை வாங்கினால் அதில் குறைகாண எதுவுமில்லை; நேரத்தைச் சரியாகக் காட்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு கொடுத்தேன் என்றால்தான் கணக்கு உதைக்கிறது.

விலை தெரிந்தபின் நம் புலன்களை அப்படியே நம்புவதும் தவறு. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினுக்கு ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் விலை சொல்லிப் பருகக் கொடுத்தார்கள். விலை கூடுதலாகச் சொல்லப்பட்டபோது அது அதிகச் சுவையாக இருந்ததாகப் பங்கேற்றவர்கள் கூறினர். அவர்கள் பொய் சொல்லவில்லை, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாகவே இயங்கியது. விலை சொல்லாமல் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. ஆகவே, இரண்டு பொருள்களின் தரத்தை ஒப்பிட விரும்புபவர் விலையையும் நிறுவனத்தின் முத்திரையையும் மறைத்துவிட்டு ஒப்பிடுவதே முறை.

ஆடம்பரப் பொருள் எளிதில் கிடைக்காமல் இருப்பதை இயல்பான தட்டுப்பாடு என்று எண்ணிவிடவும் கூடாது. பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பெரி ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது 2018-இல் தெரியவந்தது. எழுந்த கண்டனத்துக்குப் பின் அவ்வழக்கத்தை அந்நிறுவனம் கைவிட்டது. விலையைக் குறைத்து விற்றால் பெயரின் மதிப்பு இறங்கிவிடும் என்ற அச்சமே இத்தகைய அழிப்புக்குப் பின்னால் இருக்கிறது.

மறுவிற்பனையில் விலை ஏறும் என்பதும் மிகச் சில மாதிரிகளுக்கே பொருந்தும். பெரும்பாலானவை கடையை விட்டு வெளியேறியதும் மதிப்பிழக்கின்றன. இறுதியாக, பெரிய முத்திரை இருந்தால் விலையும் பெரிது என்று நினைப்பது தவறு. ஒரே நிறுவனத்தின் கைப்பைகளிலேயே, விலை ஏற ஏற முத்திரை சிறுத்துப்போவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்; அந்தஸ்தைக் காட்டவே வாங்குபவர், அதைக் காட்ட விரும்பும் மனிதர்களுக்கு அந்தச் சிறிய அடையாளம் புரியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.