பாடல் கோப்புகளைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சமூக மன்ற நடனப் போட்டிகளுக்கும் திருமண விருந்துகளுக்கும் ஒலியமைத்துத் தருவது என் தொழில். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் என்னிடம் வேலை பழக வரும் இளையர்களின் மடிக்கணினியைத் திறந்து பார்த்தால், அவர்கள் வயதில் நான் செய்த தவறுகள் அப்படியே அங்கே இருக்கின்றன. நச்சுநிரல் நிறைந்த தளங்களையும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களையும் பற்றி அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

“நான் இறக்கி மட்டும்தானே வைத்துக்கொண்டேன்?”

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது இன்றும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பலர் தங்கள் கணினிகளிலிருந்து நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் டோரண்ட் முறையில் ஒரு கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து வருகிறது. மற்றத் துண்டுகள் வந்துகொண்டிருக்கும்போதே, ஏற்கெனவே வந்த துண்டுகளை உங்கள் கணினி பிறருக்கு அனுப்பத் தொடங்கிவிடுகிறது. முழுக் கோப்பும் வந்து சேர்ந்த பிறகும் நீங்களாக நிறுத்தும்வரை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைத்தான் சீடிங் என்கிறார்கள். ஆகவே பாடலை எடுத்துக்கொள்பவரே அதனை ஊருக்கெல்லாம் விநியோகிப்பவராகவும் ஆகிறார். அனுப்பும் வேகத்தை எவ்வளவு குறைத்து வைத்தாலும், அதே கோப்பைப் பகிர்ந்துகொண்டிருக்கும் அனைவருக்கும் உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், தெரியும். பாடலின் பதிப்புரிமை உரிமையாளர் நியமித்த ஒருவர் அக்கூட்டத்தில் தாமும் சேர்ந்து, முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் போதும்.

அந்த முகவரிக்கு உரியவரின் பெயர் இணையச் சேவை நிறுவனத்திடம் இருக்கிறது. நீதிமன்ற ஆணை பெற்று அதைக் கேட்டு வாங்கலாம். 2007இல் ஜப்பானிய அசைவூட்டப் படங்களை விநியோகித்த ஓடெக்ஸ் நிறுவனம் இந்த வழியில்தான் பெயர்களைத் தேடி, ஆயிரக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இழப்பீடு கேட்டுச் சிங்கப்பூர் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பியது. பதிப்புரிமை உடையவருக்கோ தனியுரிமம் பெற்றவருக்கோதான் அவ்வாறு கேட்கும் தகுதி உண்டு என்று 2008 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வரையறுத்ததே தவிர, வழியை அடைத்துவிடவில்லை. 2015இல் ஓர் ஆங்கிலப் படத்தின் உரிமையாளர்களும் இதே வழியில் வந்தார்கள். பாடல் கோப்புக்கும் படக் கோப்புக்கும் இதில் வேறுபாடு இல்லை.

அந்த 2007இல் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் என் கணினி இரவு முழுவதும் பழைய திரைப்பாடல்களை இறக்கிக்கொண்டிருந்தது. நாளிதழை மடித்து வைத்துவிட்டு என் அண்ணன் கேட்டார்: “தம்பி, இந்த இணைய இணைப்பு என் பெயரில்தானே இருக்கிறது?” என்னால் வாய் திறக்க முடியவில்லை. கடிதம் வந்திருந்தால் அவருக்குத்தான் வந்திருக்கும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும், அம்மாவின் பெயரிலோ வாடகை வீட்டு உரிமையாளரின் பெயரிலோ உள்ள இணைப்பில் டோரண்ட் ஓடவிட்டு, அது ஏதோ தம் சொந்தத் துணிச்சல் என்பதுபோல் பேசும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள்.

2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளர் தம் நட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டாமலேயே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரையிலும், பொதுவாக மொத்தம் 200,000 வெள்ளி வரையிலும் இழப்பீடு கோரலாம். வேண்டுமென்றே, பெரிய அளவில் அல்லது வணிக ஆதாயத்துக்காக மீறினால் அது குற்றம்; முதல் முறைக்கே 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஒரு படத்தின் பாடல்தொகுப்பில் எத்தனை பாடல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

விபிஎன் தரும் துணிவு

விபிஎன் என்பது உங்கள் இணைப்பை வேறொரு கணினி வழியாகச் செலுத்தும் சேவை. அது முகவரியை மறைக்கும், செயலைச் சட்டபூர்வமாக்காது. நடுவில் அது அறுந்துபோனால், இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் அமைப்பை இயக்கி வைக்காத கணினி, உங்கள் சொந்த முகவரியிலேயே டோரண்டைத் தொடர்ந்து ஓட்டும். நீங்கள் அப்போது உறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

கோப்புறை முழுவதையும் திறந்துவிடுதல்

பழைய பகிர்வு மென்பொருள் ஒன்றை நிறுவியபோது, எந்தக் கோப்புறையைப் பகிர வேண்டும் என்று அது கேட்க, என் ஆவணங்கள் அனைத்தும் இருந்த கோப்புறையை நான் காட்டிவிட்டேன். முன்பின் அறியாத ஒருவர், என் அடையாள அட்டையின் நகலும் சம்பளச் சீட்டும் தேடலில் வருவதாகச் செய்தி அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் நல்லவர், அவருக்கு முன் பார்த்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இன்று இதே தவறு கூகல் டிரைவில் நடக்கிறது: நடனத்துக்கான ஒரு பாடலை வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டியவர், குழுப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் உள்ள மேல் கோப்புறையின் இணைப்பை, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அமைப்போடு அனுப்பிவிடுகிறார்.

காசு கொடுத்து வாங்கியதை அனுப்புதல்

ஐடியூன்ஸ் கடையில் 2007 முதல் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாமல் விற்கப்பட்ட பாடல் கோப்புகளுக்குள் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பதிந்திருக்கும். அத்தகைய கோப்பு கைமாறும் இடமெல்லாம் உங்கள் பெயரும் போகும்.

“உரிமை உரியவருக்கே” என்று எழுதிவிடுதல்

பகிரும் பாடலோடு அப்படி எழுதிவிட்டால் அது அனுமதி ஆகாது.

பழைய பாட்டு பொதுச்சொத்து என்று நம்புதல்

இயற்றியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை அவர் படைப்புக்கு உரிமை நீடிக்கும். ஒலிப்பதிவின் உரிமை தனி.

கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் அழித்தல்

பதற்றத்தில் கோப்புகளை அழிப்பது, சான்றை மறைத்ததாகக் கொள்ளப்படக்கூடும். ஒப்புக்கொண்டு பதில் எழுதுவதும் கேட்ட தொகையை உடனே கட்டுவதும் அதே அவசரம்தான். கடிதத்தில் குறித்துள்ள கெடு நாளைப் பார்த்து, அதற்குள் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வசதி இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை நிலையங்கள் இங்கே உண்டு. அங்கு செல்லும்போது கடிதத்தோடு இணைய இணைப்பின் ஒப்பந்தத்தையும் எடுத்துச் செல்லுங்கள். யார் பெயரில் இணைப்பு உள்ளதோ அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.