உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு மோசடி மெயில் வந்தால்

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகும்போது இடது பக்கம் மேலே ‘அனுப்புநர்’ என்று போட்டு முகவரி எழுதுவோம். அங்கே யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் அடையாள அட்டை கேட்கமாட்டார். மெயிலில் ‘ஃப்ரம்’ என்று தெரியும் வரியும் அப்படித்தான். 1982இல் மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி விதிமுறை வந்தபோது, அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. “உன் கணக்கை ஹேக் செய்துவிட்டேன், நம்பிக்கை இல்லையா, இந்த மெயிலே உன் முகவரியிலிருந்துதான் வந்திருக்கிறது பார், 48 மணி நேரத்தில் பிட்காயின் அனுப்பு” என்கிற மிரட்டல் இந்த ஓட்டையை வைத்துத்தான் ஓடுகிறது. பெரும்பாலும் அது மொட்டைக் கடுதாசிதான், அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயரையே எழுதியிருக்கிறார்கள்.

பெரும்பாலும் என்றுதான் சொல்லமுடியும். நிஜமாகவே கணக்குக்குள் ஆள் நுழைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பெயரை மட்டும் திருடினார்களா, பூட்டையே உடைத்தார்களா என்று முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும்.

ஹெடரில் என்ன பார்ப்பது

ஹெடர் என்பது மெயிலோடு மறைந்து வரும் பயண விவரம். இதை மொபைல் ஆப்பில் பார்ப்பது கஷ்டம், கணினியில் பிரவுசரைத் திறங்கள். ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, வலது பக்கம் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் ‘ஷோ ஒரிஜினல்’ என்று வரும். அவுட்லுக் இணையதளத்திலும் மூன்று புள்ளிக்குள்தான் ‘வியூ மெசேஜ் சோர்ஸ்’ இருக்கிறது. விவரம் தெரிந்தவரிடம் காட்டவேண்டும் என்றால் ஃபார்வர்டு செய்யாதீர்கள், பழைய ஹெடர் போய்விடும். மெயிலை ஃபைலாக டவுன்லோடு செய்து, அதை இணைத்து அனுப்புங்கள்.

ஜிமெயிலில் மேலே ஒரு சிறிய அட்டவணையில் எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அனுமதி உண்டா), டிகிம் (மெயிலில் இட்ட டிஜிட்டல் கையெழுத்து சரியா), டிமார்க் (இவை ஃப்ரம் முகவரியோடு பொருந்துகின்றனவா) என்று மூன்று வரி இருக்கும். பலர் எஸ்பிஎஃப் எதிரே ‘பாஸ்’ என்று பார்த்ததும் மெயில் நிஜமானது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். மெயிலுக்கு இரண்டு அனுப்புநர் முகவரி உண்டு: கவர் மேல் எழுதியது ஒன்று, உள்ளே கடிதத்தில் எழுதியது இன்னொன்று. நம் கண்ணுக்குத் தெரிவது உள்ளே இருப்பது. எஸ்பிஎஃப் பார்ப்பது கவர் மேல் இருப்பதை. மோசடிக்காரர் கவரில் தன் சொந்த டொமைனை, அதாவது முகவரியில் @க்குப் பிறகு வரும் பெயரை, போட்டு, அதற்கு ஒழுங்காக எஸ்பிஎஃப்பும் வைத்து, உள்ளே உங்கள் முகவரியை எழுதிவிடுவார். எஸ்பிஎஃப் ‘பாஸ்’ ஆகும், டிமார்க் ‘ஃபெயில்’ ஆகும். கவர் முகவரியைப் பார்க்க ஹெடரில் ‘ரிட்டர்ன்-பாத்’ வரியைத் தேடுங்கள். அங்கே சம்பந்தமில்லாத ஒரு டொமைன் உட்கார்ந்திருக்கும்.

‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும். புதியது மேலே, பழையது கீழே. கீழே உள்ளவற்றைப் பொய்யாகச் செருகிவிடலாம். மேலிருந்து படித்து வாருங்கள். உங்கள் மெயில் நிறுவனம் வெளி ஆளிடமிருந்து வாங்கிய இடத்தில், அனுப்பிய கணினியின் இணைய முகவரியான ஐபி எண்ணைக் குறித்திருக்கும், நம்பத்தக்கது அதுதான்.

டிமார்க் ‘ஃபெயில்’ என்றால் பெயர்த் திருட்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆபீஸ் ஸ்கேனர், இணையதளத்தின் தொடர்பு படிவம், பில்லிங் மென்பொருள் ஆகியவையும் உங்கள் முகவரியைப் போட்டு மெயில் அனுப்பும். அவை சரியாக அமைக்கப்படாவிட்டால் அந்த மெயிலும் ஃபெயில் ஆகும். அதற்கு மாறாக, டிமார்க் ‘பாஸ்’ ஆகி, டிகிம் கையெழுத்திலும் உங்கள் டொமைனே இருந்தால், மெயில் உங்கள் கணக்கு வழியாகவோ நீங்கள் அனுமதித்த சேவை வழியாகவோ போயிருக்கிறது. தாமதிக்காமல் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கணக்கைச் சோதிப்பது

‘சென்ட்’ ஃபோல்டரில் அந்த மெயில் இருந்தால் ஹேக் ஆகிவிட்டது என்று பயப்படுவார்கள். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. 2018 ஏப்ரலில் பல ஜிமெயில் பயனர்களின் சென்ட் ஃபோல்டரில் அவர்கள் அனுப்பாத ஸ்பேம் வந்து உட்கார்ந்தது. போலி ஹெடரைப் பார்த்து ஜிமெயிலே அவற்றை அங்கே சேர்த்திருந்தது. ஜிமெயில் பக்கத்தின் அடியில் வலது மூலையில் உள்ள ‘டீடெயில்ஸ்’ அதைவிட நல்ல சாட்சி. எந்த ஊர், எந்தக் கருவி, எந்த ஐபி, எத்தனை மணிக்கு என்று காட்டும்.

அதில் அறியாத ஆள் தெரிந்தால் வரிசை முக்கியம். சந்தேகமில்லாத கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற கருவிகள் எல்லாவற்றிலும் சைன் அவுட் செய்யுங்கள். மீட்பு மொபைல் எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பார்த்துவிட்டு, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங், ‘சென்ட் மெயில் அஸ்’, கணக்குக்கு அனுமதி பெற்ற வெளி ஆப்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே வந்தவர் உங்கள் மெயிலின் நகல் தனக்கும் வரும்படி ஒரு ஃபில்டர் போட்டுவிட்டுப் போயிருந்தால், பாஸ்வேர்டை எத்தனை தரம் மாற்றினாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

மிரட்டல் மெயிலில் உங்கள் பழைய பாஸ்வேர்டு ஒன்று சரியாக எழுதியிருக்கலாம். எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் எடுத்தது அது. அதை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் அங்கே மாற்றுங்கள். பதில் எழுதவேண்டாம், பணமும் வேண்டாம். ‘ரிப்போர்ட் ஃபிஷிங்’ அழுத்தினால் போதும்.

இரண்டு தவறான வைத்தியம் உண்டு. சொந்த முகவரியிலிருந்து வருவதையெல்லாம் அழிக்கும்படி ஃபில்டர் போட்டால், உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் குறிப்புகளும் போய்விடும். சொந்த டொமைனை ‘ஸ்பேமுக்கு அனுப்பாதே’ பட்டியலில் சேர்ப்பது அதைவிட மோசம், திருடனுக்கு நாமே வாசலைத் திறந்துவைத்த கதை.

சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு

ஜிமெயில், யாஹூ முகவரி வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதோடு கடைசி இரண்டு பத்தியையும் படித்தால் போதும். கடை அல்லது நிறுவனத்தின் பெயரில் டொமைன் வாங்கி மெயில் வைத்திருந்தால், டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் இணையப் பதிவேடு) எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவு தேவை. மெயில் நிறுவனம் தரும் மதிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் அடிக்காதீர்கள்.

எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். புதுச் சேவை சேர்க்கும்போது இரண்டாவதாக இன்னொன்று போட்டால் இரண்டுமே செல்லாது, இருப்பதிலேயே சேர்க்கவேண்டும். அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10க்கு மேல் போகக்கூடாது. நியூஸ்லெட்டர், பில்லிங், சிஆர்எம் (வாடிக்கையாளர் விவர மென்பொருள்) என்று அடுக்கிக்கொண்டே போகும் நிறுவனங்கள் இந்த எல்லையில்தான் முட்டிக்கொள்கின்றன.

டிகிம் சாவி 2048 பிட் இருக்கட்டும். அது 255 எழுத்தைத் தாண்டும் என்பதால் சில டிஎன்எஸ் பக்கங்கள் வாலை வெட்டிவிடும். அங்கே மதிப்பை மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் பிரித்துப் போடவேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் பதிவைச் சேர்த்தபின் அட்மின் பக்கத்துக்குத் திரும்பி ‘ஸ்டார்ட் ஆத்தென்டிகேஷன்’ அழுத்தவேண்டும். அதை மறந்தால் பதிவு இருந்தும் மெயிலில் கையெழுத்து விழாது.

கடைசியாக டிமார்க். கவர் முகவரியோ டிகிம் கையெழுத்தோ உள்ளே உள்ள ஃப்ரம் டொமைனோடு பொருந்தவேண்டும் என்று கேட்பது இது ஒன்றுதான். எடுத்த எடுப்பில் ‘ரிஜெக்ட்’ (ஃபெயில் ஆனதை ஏற்காதே) போடாதீர்கள். ‘நன்’ (none, எதுவும் செய்யாதே) என்று தொடங்கி, அறிக்கை வரவேண்டிய முகவரியையும் கொடுத்து, மூன்று நான்கு வாரம் பாருங்கள். உங்கள் பெயரில் எந்த ஐபியிலிருந்து எத்தனை மெயில் போனது என்று தினமும் எக்ஸ்எம்எல் ஃபைல் வரும். இணையதளப் படிவம் போன்ற மறந்துபோன அனுப்பிகள் அதில் தலைகாட்டும். அவற்றைச் சரிசெய்தபின் ‘குவாரண்டைன்’ (ஸ்பேமில் போடு), பிறகு ‘ரிஜெக்ட்’. அவசரப்பட்டால் வாடிக்கையாளர் விசாரணைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். மெயிலே அனுப்பாத டொமைன் என்றால் காத்திருக்கவேண்டாம், முதல் நாளே ரிஜெக்ட் போடலாம்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அதில் ‘டைரக்ட் சென்ட்’ என்று ஒரு வழி உண்டு. ஸ்கேனர் போன்ற கருவிகள் பாஸ்வேர்டு இல்லாமலே நிறுவனத்துக்குள் மெயில் போட உதவுவது. 2025இல் இதே வழியாக, ஊழியரின் முகவரியிலிருந்து அவருக்கே வந்ததுபோல ‘வாய்ஸ்மெயில் வந்திருக்கிறது’ என்று கியூஆர் கோடு கொண்ட பிடிஎஃப்கள் அனுப்பப்பட்டன. உங்கள் கருவிகளுக்கு இது தேவையில்லை என்றால், எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் அமைப்பில் ‘ரிஜெக்ட் டைரக்ட் சென்ட்’ என்பதை இயக்கிவிடுங்கள்.

உங்கள் பெயரைப் போட்டு அடுத்தவர்களுக்கு ஸ்பேம் போனால், திரும்பிவந்த பவுன்ஸ் மெயில்கள் உங்கள் இன்பாக்ஸில் குவியும். அவற்றில் உள்ள இணைப்பைத் திறக்காமல் விட்டுவிடுங்கள், வழக்கமாகச் சில நாளில் ஓயும்.

யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடவேண்டும். அந்த மெயிலை அழிக்கவேண்டாம். ஹெடரோடு சேமித்த ஃபைல், பிட்காயின் வாலெட் முகவரி, பணம் போன நேரம் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.