குறுக்கு அட்டவணையைப் படிப்பது எப்படி: சமூக அறிவியல் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகவியல், அரசியலறிவியல், உளவியல் என எந்தத் துறையில் முதல் கள ஆய்வைச் செய்தாலும், வினாப்பட்டியலில் சேகரித்த விடைகள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் குறுக்கு அட்டவணைதான். இரண்டு மாறிகளை (ஆளுக்கு ஆள் வேறுபடக்கூடிய பண்புகளை) ஒன்றுக்கொன்று குறுக்கே வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டுவதே அதன் வேலை. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும் என்பதால் மாணவர்கள் இதை எளிதாகக் கடந்துபோய், கடினமான சூத்திரங்களுக்குத் தங்கள் கவலையை ஒதுக்கி வைக்கிறார்கள். உண்மையில் எதை எதனால் வகுப்பது என்பதைச் சூத்திரம் சொல்லித் தருவதில்லை. ஆய்வுக் கேள்விதான் அதைத் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம் தவறினால், பிறகு எவ்வளவு நுட்பமான சோதனையைச் செய்தாலும் முடிவு தேறாது.

மாறிகளைப் பிரித்தறிதல்

அட்டவணை போடுவதற்கு முன்பே, எது சார்பற்ற மாறி, எது சார்ந்த மாறி என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். எது காரணமாக இருக்கலாம் என்று நாம் கருதுகிறோமோ அது சார்பற்ற மாறி. எதன் ஏற்ற இறக்கத்தை விளக்க முயல்கிறோமோ அது சார்ந்த மாறி. ஐயம் வரும்போது காலத்தைக் கேட்டுப் பார்க்கலாம்: இரண்டில் எது முன்னால் நிகழ்ந்தது? ஒருவர் விடுதியில் தங்குகிறாரா என்பது மாணவர் சங்கத் தேர்தல் நாளுக்கு முன்பே முடிவாகிவிட்ட செய்தி. எனவே விடுதி வாசம் சார்பற்ற மாறியாகவும், வாக்களித்தல் சார்ந்த மாறியாகவும் அமையும். எது முந்தையது என்று சொல்லவே முடியாத இணைகளும் உண்டு. செய்தித்தாள் படிப்பதும் அரசியல் ஆர்வமும் அப்படிப்பட்டவை. அங்கே தொடர்பு இருப்பதாக மட்டும் எழுதி, காரணம் என்ற சொல்லைத் தவிர்ப்பதே நேர்மை.

ஒவ்வொரு மாறியின் வகைகளும் ஒன்றோடொன்று மேற்பொருந்தக் கூடாது. எவரையும் வெளியே விட்டுவிடவும் கூடாது. ‘விடுதி’, ‘வீடு’ என்ற இரண்டு விடைகளை மட்டும் கொடுத்தால், நண்பர்களோடு வாடகை அறையில் தங்கியிருக்கும் மாணவர் எதில் குறியிடுவார்? அவர் ஏதோ ஒன்றில் குறியிட்டுவிடுவார் என்பதுதான் சிக்கல், ஏனெனில் அட்டவணையில் அந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது.

வாக்களித்தல் போன்ற செயல்களை அளப்பது ஓரளவு எளிது. அரசியல் ஆர்வம், சமூக நம்பிக்கை, சகிப்புத்தன்மை போன்ற கருத்தாக்கங்களை எந்தக் கேள்வியின் வழியாக அளக்கிறோம் என்பதைத் தனியே வரையறுத்தாக வேண்டும். கேள்வியின் சொல்லமைப்பு விடையை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதற்கு 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டொனால்ட் ரக் நடத்திய சோதனை ஒரு நல்ல சான்று. மக்களாட்சிக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளைத் ‘தடை செய்ய வேண்டுமா’ என்று ஒரு குழுவிடமும், ‘அனுமதிக்க வேண்டுமா’ என்று இன்னொரு குழுவிடமும் கேட்கப்பட்டது. கருத்துச் சொல்லாதவர்களை விலக்கிப் பார்த்தால், தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 54 சதவீதம். அனுமதிக்கக் கூடாது என்றவர்களோ 75 சதவீதம். தருக்கப்படி இரண்டும் ஒரே நிலைப்பாடுதான். ஆகவே அட்டவணையின் தலைப்பில் கருத்தாக்கத்தின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், கேட்கப்பட்ட கேள்வியை உள்ளபடியே அடியில் தருவது நல்லது.

சதவீதத்தின் திசை

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்த கற்பனை எண்கள். 400 மாணவர்களிடம் தங்குமிடத்தையும், சங்கத் தேர்தலில் வாக்களித்தார்களா என்பதையும் கேட்டதாகக் கொள்வோம்.

| | விடுதி | வீடு | மொத்தம் |
|---|---|---|---|
| வாக்களித்தோர் | 84 | 126 | 210 |
| வாக்களிக்காதோர் | 36 | 154 | 190 |
| மொத்தம் | 120 | 280 | 400 |

வாக்களித்த 210 பேரில் 126 பேர், அதாவது 60 சதவீதத்தினர், வீட்டிலிருந்து வருகிறவர்கள். இதைப் பார்த்தவுடன் ‘வீட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கே தேர்தலில் ஆர்வம் அதிகம்’ என்று எழுதத் தோன்றும். அது தவறு. வீட்டிலிருந்து வருகிறவர்கள் மொத்தத்திலேயே 70 சதவீதம் இருக்கிறார்கள். அப்படியிருக்க, வாக்களித்தவர்களில் அவர்களின் பங்கு 60 சதவீதம் என்பது அவர்கள் பின்தங்கியிருப்பதையே காட்டுகிறது.

சரியான வழி, சார்பற்ற மாறியின் ஒவ்வொரு வகையையும் 100 எனக் கொண்டு சதவீதம் கண்டு, பிறகு அந்த வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. விடுதியில் இருக்கும் 120 பேரில் 84 பேர், அதாவது 70 சதவீதம் வாக்களித்தார்கள். வீட்டிலிருந்து வரும் 280 பேரில் 126 பேர், அதாவது 45 சதவீதம் வாக்களித்தார்கள். வேறுபாடு 25 சதவீதப் புள்ளிகள். இதை ‘25 சதவீதம் அதிகம்’ என்று எழுதக் கூடாது. 45இலிருந்து 70க்கு உயர்வது, 45ஐ அடிப்படையாகக் கொண்டால் ஏறத்தாழ 56 சதவீத உயர்வு. இந்த இரண்டையும் கலந்து எழுதும் பழக்கம் நாளிதழ்களிலும் உண்டு என்பதால் மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் ‘யாரில் இத்தனை பேர்?’ என்று கேட்டு, அதற்கான விடையை அந்த வாக்கியத்திலேயே எழுதிவிட வேண்டும். ‘விடுதி மாணவர்களில் 70 சதவீதத்தினர் வாக்களித்தனர்’ என்ற வாக்கியத்தையும் ‘வாக்களித்தோரில் 40 சதவீதத்தினர் விடுதி மாணவர்கள்’ என்ற வாக்கியத்தையும் ஒருவர் குழப்பிக்கொள்ள இயலாது. ‘விடுதி, வாக்கு: 70 சதவீதம்’ என்ற சுருக்கக் குறிப்பில்தான் குழப்பம் நுழைகிறது.

மூன்றாம் மாறியைக் கொண்டுவருதல்

விடுதி வாசத்துக்கும் வாக்களிப்புக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டோம். விடுதியில் தங்குவதனால்தான் வாக்களிக்கிறார்களா என்பது வேறு கேள்வி. இறுதியாண்டு மாணவர்களுக்கு விடுதி அறை முன்னுரிமையில் கிடைக்கிறது என்றும், நீண்ட நாள் பழகிய காரணத்தால் அவர்களே தேர்தலிலும் மிகுதியாகக் கலந்துகொள்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், விடுதி வெறும் துணைச் செய்தியாகிவிடும். இதைச் சரிபார்க்க, 400 பேரையும் படிக்கும் ஆண்டின்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே அட்டவணை போட வேண்டும். பால் லசார்ஸ்ஃபெல்டும் அவருடைய கொலம்பியா பல்கலைக்கழகச் சகாக்களும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முறைப்படுத்திய வழி இது.

நம் கற்பனை எண்களில் இறுதியாண்டினர் 160 பேர். அவர்களில் விடுதியில் இருக்கும் 90 பேரில் 72 பேரும், வீட்டிலிருந்து வரும் 70 பேரில் 56 பேரும் வாக்களித்தார்கள். இரண்டும் 80 சதவீதம்தான். வேறுபாடு முற்றிலும் மறைந்துவிட்டது. முதலாண்டினர் 240 பேரில், விடுதியில் இருக்கும் 30 பேரில் 12 பேர், அதாவது 40 சதவீதம். வீட்டிலிருந்து வரும் 210 பேரில் 70 பேர், அதாவது 33 சதவீதம். இங்கே 7 புள்ளி வேறுபாடு எஞ்சுகிறது. ஆனால் அந்த 30 பேரில் இருவர் மனம் மாறியிருந்தால் அதுவும் இருந்திருக்காது. இப்படிச் சிறிய குழுக்களின் சதவீதத்தை இரண்டு தசம இடங்கள் வரை எழுதுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும்.

மூன்றாம் மாறியைக் கொண்டுவந்ததும் வேறுபாடு மறைந்தால், முதல் தொடர்பு போலியானது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மூன்றாம் மாறி மற்ற இரண்டுக்கும் முன்னால் நிற்கிறதா, இடையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். படிக்கும் ஆண்டு முன்னால் நிற்பது: அது தங்குமிடத்தையும் தீர்மானிக்கிறது, வாக்களிப்பையும் தீர்மானிக்கிறது. ஆகவே அங்கே போலித் தொடர்பு என்று சொல்லலாம். மாறாக, தேர்தல் கூட்டங்களுக்குச் சென்றார்களா என்பதை வைத்துப் பிரித்து, அப்போதும் வேறுபாடு மறைந்தது என்று கொள்வோம். விடுதியில் இருப்பதனால் கூட்டத்துக்குப் போகிறார்கள், கூட்டத்துக்குப் போனதனால் வாக்களிக்கிறார்கள் என்றால், விடுதியின் தாக்கம் உண்மையானதே. அது செயல்படும் பாதையைத்தான் நாம் கண்டுபிடித்திருக்கிறோம். இரண்டு நிலையிலும் கணக்கு ஒன்றே, எண்களும் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபடுத்திக் காட்டுவது கோட்பாடு மட்டுமே. புள்ளியியல் மட்டும் தெரிந்தால் போதும் என்று கருதுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

பெரிதும் மேற்கோள் காட்டப்படும் பெர்க்லி சேர்க்கை விவகாரத்தையே இந்தக் கோணத்தில் பார்க்கலாம். 1973ஆம் ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதத்தினருக்கும், பெண்களில் சுமார் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. பிக்கெல், ஹாம்மெல், ஓ’கானல் ஆகிய மூவர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அந்த வேறுபாடு மறைந்தது. பெண்களுக்குச் சாதகமான சிறு சாய்வுகூடத் தென்பட்டது. எல்லோருக்குமே இடம் கிடைப்பது கடினமாக இருந்த துறைகளுக்குப் பெண்கள் மிகுதியாக விண்ணப்பித்திருந்ததே காரணம். மொத்தத்தில் ஒரு திசையும் பிரிவுகளில் வேறு திசையும் தெரியும் இந்த நிலையைச் சிம்சன் முரண் என்பார்கள். பல பாடநூல்கள் ‘பாகுபாடு இல்லை என்று நிரூபணமானது’ என்ற தொனியில் இந்தக் கதையை முடித்துவிடுகின்றன. ஆனால் துறை என்பது பாலினத்துக்கு முன்னால் வருவதன்று. பாலினத்துக்கும் சேர்க்கைக்கும் இடையில் நிற்பது. ஆகவே துறைவாரி அட்டவணை, சேர்க்கைக் குழுக்கள் பாகுபாடு காட்டினவா என்ற கேள்விக்கு விடை தருகிறது. பெண்கள் ஏன் அந்தத் துறைகளில் குவிந்தார்கள் என்ற கேள்வியோ பள்ளிக்கல்வி வரை பின்னோக்கிச் செல்கிறது.

கை-வர்க்கச் சோதனை எதைச் சொல்கிறது

கார்ல் பியர்சன் 1900இல் அளித்த கை-வர்க்கச் (chi-square) சோதனை, இரண்டு மாறிகளுக்கும் தொடர்பே இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்து, உள்ளபடி இருக்கும் எண்ணோடு ஒப்பிடுகிறது. நிரை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி, முழு எண்ணிக்கையால் வகுத்தால் எதிர்பார்க்கப்படும் எண் கிடைக்கும். விடுதியில் இருந்து வாக்களித்தோருக்கு அது 120 × 210 ÷ 400 = 63; நம்மிடம் இருப்பது 84. நான்கு கட்டங்களுக்கும் வேறுபாட்டின் வர்க்கத்தை எதிர்பார்க்கப்படும் எண்ணால் வகுத்துக் கூட்டினால் ஏறக்குறைய 21.05 வருகிறது. இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் 5 சதவீத முக்கியத்துவ நிலைக்கான எல்லை மதிப்பு (தொடர்பே இல்லாதபோது 5 சதவீத வாய்ப்பில் மட்டுமே தாண்டக்கூடிய மதிப்பு) 3.84 என்பதால், இத்தகைய வேறுபாடு மாதிரியெடுப்பின் தற்செயலால் மட்டும் வந்திருக்கும் என்று கருதுவது கடினம்.

இந்த 21.05, சற்று முன் நாம் பெரிதும் போலி என்று கண்ட அதே தொடர்புக்குக் கிடைத்த மதிப்பு. அதாவது இந்தச் சோதனை தற்செயலை மட்டுமே விசாரிக்கிறது. மறைந்து நிற்கும் மூன்றாம் மாறியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. முதலாண்டினருக்கு மட்டும் தனியே கணக்கிட்டால் மதிப்பு 0.52 அளவில் நின்றுவிடுகிறது. மேலும், அதே சதவீதங்களோடு 4,000 பேர் இருந்திருந்தால் முதல் மதிப்பு 210க்கு மேல் போயிருக்கும்; தொடர்பின் வலிமையோ மாறியிருக்காது. எனவே வலிமையைச் சொல்லச் சதவீதப் புள்ளி வேறுபாட்டையே பயன்படுத்த வேண்டும். எதிர்பார்க்கப்படும் எண் ஏதேனும் ஒரு கட்டத்தில் 5க்குக் குறைந்தால், சிறிய எண்ணிக்கைகளுக்கும் பொருந்தும் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்கு மாறிக்கொள்ளலாம்.

அட்டவணைக்கு வெளியே

இவையெல்லாம் நல்ல மாதிரியை எடுத்திருந்தால்தான் பொருந்தும். 1936இல் ஓர் அமெரிக்க வார இதழ் சுமார் 1 கோடி அஞ்சல் வாக்குச்சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, குடியரசுத் தலைவர் தேர்தலில் லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளோடு வென்றார். தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் உரிமையாளர் பதிவுகளிலிருந்தும் பெயர்களை எடுத்ததும், விருப்பமுள்ளவர்கள் மட்டும் விடை அனுப்பியதும் சேர்ந்து மாதிரியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டன. எண்ணிக்கை பெருகுவதால் அந்தச் சாய்வு குறைவதில்லை.

அட்டவணையில் எண்ணப்படும் அலகு எது என்பதையும் கவனிக்க வேண்டும். 1930ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வில்லியம் ராபின்சன் 1950இல் காட்டியது இது: வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது, ஒட்டுறவு (தொடர்பை −1 முதல் +1 வரை அளக்கும் எண்) −0.53. தனிமனிதர்களை அலகாகக் கொண்டாலோ அது +0.12, வெளிநாட்டில் பிறந்தோரிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியதே முரணுக்குக் காரணம். எனவே மாவட்டங்களையோ மாநிலங்களையோ எண்ணிய அட்டவணையிலிருந்து தனிமனிதர்களைப் பற்றிய வாக்கியத்தை எழுதக் கூடாது.

ஆய்வறிக்கையில் எழுதும்போது அடிப்படை எண்ணிக்கை, விடையளிக்காதோர் எண்ணிக்கை, சதவீதத்தின் திசை, கட்டுப்படுத்திய மாறி (பிரித்துப் பார்க்கப் பயன்படுத்திய மூன்றாம் மாறி) ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். நம் எடுத்துக்காட்டில் விடையளிக்காதோர் எண்ணிக்கையைக் கொள்ளவில்லை என்பதால், மற்ற மூன்றையும் வைத்து இப்படி எழுதலாம்: “விடையளித்த 400 மாணவர்களுள், விடுதியில் தங்கியிருப்போரில் 70 சதவீதத்தினரும் (120 பேரில் 84), வீட்டிலிருந்து வருவோரில் 45 சதவீதத்தினரும் (280 பேரில் 126) வாக்களித்துள்ளனர். படிக்கும் ஆண்டைக் கட்டுப்படுத்தியபோது, இறுதியாண்டினரிடையே இவ்வேறுபாடு காணப்படவில்லை; முதலாண்டினரிடையே எஞ்சிய 7 புள்ளி வேறுபாடு, விடுதியில் தங்கியிருக்கும் 30 பேரை மட்டுமே அடிப்படையாகக் கொண்டதாதலால், அதைக் கொண்டு முடிவு எதுவும் கூறப்படவில்லை.”