முதல் வரியைப் படித்து ஃபேன்டஸி நாவலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

12 முதல் 18 வயதுக்காரர்களுக்கான ஃபேன்டஸி நாவல்கள் அலமாரியில் ஒன்றுபோலவே தெரியும். அட்டையில் வாளும் கிரீடமும், பின்னட்டையில் விதி, சாபம், போர் என்று நாலு வரி. அட்டை வரைந்தவர் வேறு, பின்னட்டைக் குறிப்பு எழுதியவர் பெரும்பாலும் வேறு. எழுத்தாளர் கதைசொல்லியாக நம்மிடம் வாய் திறக்கும் இடம் முதல் வரிதான். அதைப் படிக்கும் விதம் தெரிந்தால் ஒரு புத்தகத்துக்கு ஐந்து நிமிடம் போதும்.

வரைபடம், சமர்ப்பணம், பழம்பாடல், முன்கதை எல்லாவற்றையும் புரட்டிவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். முன்கதையில் பல நேரம் நூற்றாண்டுகளுக்கு முந்தைய போர்தான் ஓடும். நாம் 400 பக்கம் கூடவே நடக்கப்போகிற பிள்ளை அதில் தலைகாட்டவே மாட்டாள். மின்நூலின் இலவச மாதிரியில் இந்த முன்பகுதிகளே பாதி இடத்தைத் தின்றுவிடும். அதனால் பொருளடக்கத்தைத் தொட்டு நேராக அத்தியாயத்துக்குத் தாவுவது நல்லது.

முதல் வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். கீழே உள்ளதை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் இது? இந்த நிமிடம் என்ன செய்கிறார்? நம் உலகத்தில் இல்லாதது எது?

பிலிப் புல்மன் 1995-இல் எழுதிய ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலை எடுத்துக்கொள்வோம். (அமெரிக்காவில் இதே புத்தகத்தின் பெயர் ‘தி கோல்டன் காம்பஸ்’, இரண்டு நாவல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.) லைராவும் அவளுடைய டீமனும் (விலங்கு வடிவில் எப்போதும் கூடவே இருக்கும் அவளுடைய ஆன்மா) இருட்டிக்கொண்டு வரும் கூடத்தில், சமையலறையிலிருந்து யார் கண்ணிலும் படாமல், ஓரமாகவே நகர்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. டீமன் என்றால் என்ன என்று புல்மன் அங்கே விளக்கவில்லை. பெண் என்றோ கூடம் என்றோ சொல்வதுபோல அந்தச் சொல்லையும் சொல்லிவிட்டுப் போகிறார். கொஞ்சம் தள்ளி, அந்த டீமன் இப்போது விட்டில்பூச்சி வடிவில் இருக்கிறது, இருட்டில் தெரியாமலிருக்கக் கரும்பழுப்பு நிறத்தில் இருக்கிறது என்கிறார். அது உருமாறக்கூடியது என்ற விதி, ஒளிந்துகொள்ளும் வேலைக்கு நடுவிலேயே நமக்குப் புரிந்துவிடுகிறது. தேட வேண்டியது இதைத்தான். அதிசயம் அந்த உலகத்து ஆளுக்கு அன்றாடமாக இருக்க வேண்டும். வாசகர் பிடித்துக்கொள்வார் என்று எழுத்தாளர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை முதல் வரியில் தெரிந்தால் தயங்காமல் மேலே படிக்கலாம்.

அடுத்து முதல் பக்கம் முழுவதும். சுமார் 300 சொல் இருக்கும். எழுத்தாளர் புதிதாக உண்டாக்கிய பெயர்களை விரல் விட்டு எண்ணுங்கள்: ஊர், குலம், கடவுள், ஆயுதம் எல்லாம் சேர்த்து. மூன்று வரை சிக்கலில்லை. ஆறைத் தாண்டினால் பெரும்பாலும் கதை தடுமாறும். பெயரை மாட்டிவைக்க முகமோ செயலோ இன்னும் வரவில்லை. அடுத்த பக்கம் திரும்புவதற்குள் எல்லாம் மறந்துபோகும்.

கனவில் தொடங்கும் கதைகளிலும் கவனம் தேவை. பக்கம் முழுக்க நாம் பதறியதெல்லாம் விழித்தவுடன் செல்லாக்காசாகிவிடும், அடுத்த ஆபத்தை நம்ப மனம் வராது. கண்ணாடி முன் நின்று தன் கண்ணையும் முடியையும் வருணிக்கும் நாயகியிடம் வேறு குறை. அந்த வருணனை வாசகருக்காக மட்டுமே நடக்கிறது. யாரும் தன் முகத்தை அப்படிப் பார்ப்பதில்லை.

மெதுவான தொடக்கத்தை மட்டும் குறையாக எண்ணிவிடாதீர்கள். இந்தத் தவறால்தான் நல்ல புத்தகங்கள் கைநழுவுகின்றன. அர்சுலா லெ குவின் 1968-இல் வெளியிட்ட ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ ஒரு தீவையும், புயலடிக்கும் கடலுக்கு மேலே ஒரு மைல் உயர்ந்து நிற்கும் மலையையும் சொல்லித்தான் தொடங்குகிறது. சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. அந்த மண் மந்திரவாதிகளுக்குப் பேர்போனது என்பதும் அதே வாக்கியத்தில் வருகிறது. நாயகன் பின்னாளில் பெரும்புகழ் அடைவான் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். பாட்டி காவியம் சொல்லும் நிதானம் அது. வேகத்தைப் பார்க்காமல் குரலைக் கேளுங்கள்: உறுதியாக ஒலிக்கிறதா, சுற்றி வளைக்கிறதா?

தொடக்கம் பலமுறை திருத்தி மெருகேற்றிய பகுதி. அதனால் மூன்றில் ஒரு பங்கு தாண்டி ஏதாவது உரையாடல் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பெயரை மறைத்தாலும் யார் பேசுகிறார் என்று தெரிந்தால் எழுத்து நடுவிலும் தளரவில்லை. தொடர் நாவல் என்றால் எத்தனையாவது பாகம் என்று பார்த்துவிடுங்கள். இரண்டாம் பாகத்தின் முதல் வரி புரியாதது யார் குற்றமும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பில் முதல் வரி முறுக்கிக்கொண்டு நின்றால் மூலத்தைப் பழிக்காதீர்கள், ஆங்கிலத்தில் அதே வரியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளி நூலகத்தில் செய்ய ஒரு வழி: ஐந்து நாவல்களுக்குப் பழுப்புத்தாளில் அட்டை போடுங்கள். ஒவ்வொன்றின் முதல் வரியை மட்டும் சீட்டில் எழுதி மேலே ஒட்டுங்கள். எல்லாச் சீட்டும் ஒரே கையெழுத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் அழகான எழுத்தைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். பெயர், ஆசிரியர், பக்க எண்ணிக்கை எதுவும் வேண்டாம். எடுத்தவர் 30 பக்கம் படித்துவிட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.