நீலகிரியில் குழந்தைகள் காப்பகம் தொடங்கப் பணம் எங்கே கிடைக்கும்? முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மகளிர் குழுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அக்கா, வேலைக்குப் போறவங்க புள்ளைங்களப் பாத்துக்க ஒரு காப்பகம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அதுக்கு மானியம் தர்றாங்களாமே?"

தருகிறார்கள். ஆனால் காப்பகத்துக்கென்றே தனி மானியம், கையில் ரொக்கமாக, என்று எதிர்பார்த்துப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். பணம் மூன்று வழிகளில் வருகிறது. வங்கிக் கடனோடு ஒட்டிக்கொண்டு வரும் மானியம் ஒன்று. எஸ்டேட் நிர்வாகம் சட்டப்படி செய்தாக வேண்டிய செலவு இன்னொன்று. அரசு நடத்தும் காப்பகம், அங்கன்வாடி வழியாக வரும் மாத ஊதியம் மூன்றாவது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

படி 1: பிள்ளைகளை எண்ணுங்கள்

விண்ணப்பப் படிவம் அப்புறம். முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்கள் ஹட்டி (படுகர் கிராமம்), எஸ்டேட் லைன் வீடுகள், பக்கத்துக் காலனி என்று வீடு வீடாகப் போங்கள். பிள்ளையின் வயது, அம்மாவுக்கு எங்கே வேலை, எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், மாதம் எவ்வளவு கொடுக்க முடியும். இந்த ஐந்தும் போதும்.

நேரம் என்ற பத்தியைக் கவனமாக நிரப்புங்கள். காலையிலேயே கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு ஒன்பதரை மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் ஒரு பயனும் இல்லை. சிறு விவசாயி வீடாக இருந்தால் பசுந்தேயிலைப் பணம் தொழிற்சாலையிலிருந்து எந்தத் தேதிக்கு வருகிறது என்றும் கேட்டு வையுங்கள். கட்டணம் வாங்கும் தேதியை அதற்குப் பிறகு வைத்தால்தான் வசூலாகும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்யும் குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். பாட்டி தாத்தா துணை இல்லாதவர்கள் அவர்கள்தான்.

வங்கி மேலாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி "யார் காசு கொடுப்பாங்க?" என்பதுதான். அதற்கு இந்த நோட்டைவிட நல்ல பதில் கிடையாது.

படி 2: காகிதங்கள்

ஆதார், பான், குடும்ப அட்டை, கல்விச் சான்று, சாதிச் சான்று, உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, இடத்துக்கான வாடகை ஒப்பந்தம். ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இருக்கட்டும்.

எழுத்து சொல்லித்தரும் மழலையர் பள்ளியாக நடத்தப்போகிறீர்கள் என்றால் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். அதற்குத் தமிழக அரசு 2015ல் தனி விதித்தொகுப்பே கொண்டுவந்தது. இடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வேலைபார்க்கும் தாய்மார்களுக்கான காப்பகங்கள் பற்றி மத்திய அரசு 2018ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு பிள்ளைக்கு 10 முதல் 12 சதுர அடி என்று இருக்கிறது. பதினைந்து பிள்ளைகளுக்கு 180 சதுர அடி. என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பாருங்கள். மழைக்காலத்தில் இங்கே பிள்ளைகளை நாள் முழுக்க உள்ளேதான் வைத்திருக்க வேண்டும்.

உத்யம் பதிவு, அதாவது சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் கைப்பேசியிலேயே முடியும். அதற்குக் காசு கேட்கும் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

படி 3: திட்ட அறிக்கை

என்ன செலவு, என்ன வரவு என்று எழுதி வங்கிக்குக் கொடுப்பதுதான் திட்ட அறிக்கை. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். யாரோ தட்டச்சு செய்து வைத்த அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். அதில் சமவெளிக்கான செலவுதான் இருக்கும்; மின்விசிறி நான்கு என்று எழுதியிருக்கும். ஊட்டியில் நான்கு மின்விசிறி எதற்கு?

மலைக்கு வேண்டியதை எழுதுங்கள். சிமெண்ட் தரை ஜில்லென்று ஏறும், அதனால் தடித்த விரிப்பு. அறையைச் சூடாக்கப் பாதுகாப்பான கருவி. கரி அடுப்பைச் சாத்திய அறைக்குள் வைக்கவே கூடாது, புகையில் உயிர் போகும். ஈரத் துணி காய மூடிய இடம், சுடுநீர் வசதி, குடிநீர் வடிகட்டி, முதலுதவிப் பெட்டி, சமையல் பாத்திரம், விளையாட்டுப் பொருள். பாத்திரம், தட்டு எல்லாம் எவர்சில்வராக இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நம் மாவட்டத்தில் தடை என்பது தெரிந்ததுதான்.

வேலி. இதைச் செலவுப் பட்டியலின் தலையில் வையுங்கள். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே மேங்கோ ரேஞ்ச் எஸ்டேட்டில், அங்கன்வாடியிலிருந்து அம்மாவோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளையைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. தேயிலைச் செடி வாசல்வரை வளர்ந்திருக்கும் கட்டடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கம்பி வேலி, கதவு, வெளிவிளக்கு மூன்றுக்கும் விலைப்புள்ளி வாங்கி அறிக்கையோடு இணையுங்கள். வங்கியில் "வேலி எதுக்கும்மா?" என்று யாரும் இங்கே கேட்க மாட்டார்கள்.

நிலம் வாங்கும் விலையை மானியத் திட்டத்தில் சேர்க்க முடியாது. வாடகையைச் சேர்க்கலாம், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு வாடகை. பிள்ளைகள் சேர்ந்து இடம் நிரம்ப நாளாகும் என்பதால் ஆரம்ப மாதங்களின் சம்பளம், பால், அரிசி ஆகியவற்றை நடைமுறை மூலதனம் என்ற தலைப்பில் போடுங்கள்.

படி 4: மானியக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மொத்தச் செலவு 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து பிஎம்இஜிபி என்பார்கள். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு அனுமதி. பெண்கள் எல்லாருமே சிறப்புப் பிரிவு. ஊராட்சிப் பகுதி என்றால் மானியம் 35 சதவீதம், ஊட்டி, குன்னூர் போன்ற நகராட்சி எல்லைக்குள் என்றால் 25. கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம். ஆக ஊராட்சியில் உங்கள் பங்கு 20,000, மானியம் 1,40,000. மிச்சம் 2,40,000 ரூபாயும் வட்டியும்தான் நீங்கள் அடைக்க வேண்டியது.

யுஒய்இஜிபி என்று சொல்லப்படும் தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 5 லட்சம் வரைதான். மானியம் 25 சதவீதம், அதே 4 லட்சத்துக்கு 1 லட்சம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினராக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் விசாரியுங்கள்: 35 சதவீத மூலதன மானியத்தோடு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மூன்றுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். பிஎம்இஜிபி 2025-26 வரைக்கும் ஒப்புதல் பெற்று நடந்த திட்டம் என்பதால், படிவம் நிரப்பும் முன் நடப்பு ஆண்டுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிஎம்இஜிபி மானியம் உங்கள் கைக்கு வராது. உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாகக் கிடக்கும், அந்தத் தொகைக்கு உங்களிடம் வட்டி வாங்க மாட்டார்கள், காப்பகம் ஒழுங்காக நடந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். நடுவில் மூடினால் மானியமும் போச்சு. இன்னொன்று, பிஎம்இஜிபி புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மட்டும், அதுவும் கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும். வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் சிறுதொழிலுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடன்தான் சரி. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை. மானியம் இல்லை, ஆனால் காத்திருப்பும் குறைவு.

படி 5: வங்கி

மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கியை முன்னோடி வங்கி என்பார்கள்; நீலகிரிக்கு அது கனரா வங்கி. உங்கள் கிளை எந்த வங்கியாக இருந்தாலும், விண்ணப்பம் நகராமல் கிடந்தால் முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுக்கலாம். 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. "பட்டா கொண்டு வாங்க" என்றால் சண்டைக்குப் போகாமல், "சார், அதை எழுத்துல குடுத்துடுங்க" என்று கேளுங்கள். பேச்சின் சுருதி மாறிவிடும். மறுப்பையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

தனியாக எடுக்கத் தயக்கமாக இருந்தால் மகளிர் குழுவாகச் சேர்ந்து குழுக் கடனில் தொடங்கலாம். ஆனால் யார் என்றைக்குப் பிள்ளைகளைப் பார்ப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் இறங்காதீர்கள்.

படி 6: எஸ்டேட் கதவைத் தட்டுங்கள்

நம்மைப் போலத் தோட்டப் பகுதியில் இருப்பவர்களுக்கு வாய்த்த வழி இது, ஆனால் யாரும் போவதில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே, 50 பெண் தொழிலாளர்களோ அவர்களுடைய பிள்ளைகள் 20 பேரோ இருந்தால் எஸ்டேட் காப்பகம் நடத்த வேண்டும் என்றது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. 50 தொழிலாளர் என்றால் காப்பகம் என்ற கடமை அதிலும் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் பெரியவர்கள் பிள்ளைக் காம்பரா என்று சொல்வார்களே, அதுதான்.

பல எஸ்டேட்டுகளில் கட்டடம் இருக்கும், ஆள் இருக்காது. உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு மேலாளரைப் பாருங்கள். கட்டடமும் தண்ணீரும் அவர்களுடையது, நடத்துவது நீங்கள், பிள்ளைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கடிதம் கிடைத்தால் அதை அப்படியே திட்ட அறிக்கையில் முதல் இணைப்பாக வைக்கலாம். வாடகையும் வேலிச் செலவும் குறையும், கடனும் சிறிதாகும்.

படி 7: அரசுக் காப்பகத்தில் வேலை

கடனே வேண்டாம், மாதச் சம்பளம் போதும் என்பவர்களுக்கு. மத்திய அரசின் பால்னா திட்டம் 2022ல் பழைய தேசியக் காப்பகத் திட்டத்தை மாற்றியமைத்து வந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதம் 26 நாள், தினம் ஏழரை மணி நேரம். தனிநபர் இதற்கு விண்ணப்பித்து மையம் வாங்க முடியாது; மாநில அரசு வழியாகத்தான் வரும். உங்கள் ஊருக்குத் தேவை என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் அனுப்பலாம். இடைத்தரகர் யாராவது "பால்னா வாங்கித் தர்றேன்" என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

அங்கன்வாடி வேலை வந்தால் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2025ல் வந்த அறிவிப்பில் 7,783 இடங்கள். பணியாளருக்கு முதல் ஆண்டு தொகுப்பூதியம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100. பணியாளர் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பும், அதே ஊரோ பக்கத்து ஊரோ என்ற இருப்பிடச் சான்றும் கேட்டார்கள். இருப்பிடச் சான்றை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்தில் நிற்கும் வரிசை தெரியுமல்லவா?

படி 8: உங்களுக்கும் உங்கள் ஆயாவுக்கும்

வங்கிக் கணக்கு தொடங்கும் அன்றே இரண்டு காப்பீட்டுப் படிவங்களையும் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள், மாத வருமானம் 15,000க்கு மேல் போகாதவர்கள் சேரலாம். நீங்கள் கட்டும் அளவுக்கு அரசும் கட்டும், 60 வயதுக்குமேல் மாதம் 3,000 ஓய்வூதியம். வேலைக்கு வைக்கும் ஆயாவின் தொகையைக் காப்பகக் கணக்கிலிருந்தே கட்டி, திட்ட அறிக்கையின் மாதச் செலவில் சம்பளத்துக்கு அடுத்த வரியில் எழுதிவிடுங்கள்.