பார்வையற்ற நோயாளி வார்டில் சேரும்போது செவிலியரும் துணையாளும் செய்ய வேண்டியவை

கேஸ் ஷீட்டில் ‘பார்வையற்றவர்’ என்று எழுதியிருந்தால், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, கண்ணாடி போட்டும் நல்ல கண்ணின் பார்வை 3/60-க்குக் (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில் பார்ப்பது) கீழே இருந்தாலோ, பார்வைப் புலம் (கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு) 10 டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தாலோ அவர் பார்வையற்றவர்தான். ஆனால் இவர்களில் பலருக்கு வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாடுவது தெரியும். கண் அழுத்த நோயால் (கிளாக்கோமா) புலம் சுருங்கியவர் எதிரே நீட்டிய தாளைப் படித்துவிடுவார், காலடியில் இருக்கும் வாளியில் இடறி விழுவார். அதனால் முதலில் கேட்க வேண்டியது: “உங்களுக்கு எவ்வளவு தெரியும்? பகலில் எப்படி, ராத்திரியில் எப்படி?” பதிலை அட்மிஷன் நோட்ஸில் எழுதுங்கள். ஒவ்வொரு ஷிஃப்ட்டும் அதே கேள்வியைக் கேட்டால் யாருக்கும் சலிக்கும்.

பேச்சும் தொடுகையும்

கட்டிலருகே வந்ததும் பெயரையும் வேலையையும் சொல்லுங்கள். போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். ரத்த அழுத்தப் பட்டை, ஊசி, வயிற்றில் வைக்கும் கை என எதுவானாலும் சொல் முதலில், தொடுகை பிறகு. “அவர் சாப்பிட்டாரா?” என்று கூட வந்தவரிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள், கண்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும், கத்த வேண்டியதில்லை. “அங்க இருக்கு” என்பது அவருக்குப் பயன்படாது. “உங்க வலது கைப்பக்கம், லாக்கர் மேல, சுவர் ஓரமா” என்று சொல்லுங்கள்.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை

வார்டில் சேர்ந்த முதல் அரை மணி நேரத்தில் கழிப்பறைக்குப் போகும் வழியைக் காட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால், நள்ளிரவில் அவரே எழுந்து தேடுவார், விழுவது அப்போதுதான்.

அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள். உங்கள் புறங்கையால் அவர் புறங்கையைத் தொடுங்கள். அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார், கட்டைவிரல் வெளிப்பக்கம், மற்ற விரல்கள் உள்பக்கம். நீங்கள் அரை அடி முன்னே நடந்தால் உங்கள் உடல் திரும்புவதும் இறங்குவதும் அந்தப் பிடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். குறுகலான இடத்தில் அந்தக் கையை உங்கள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அவர் உங்களுக்கு நேர் பின்னால் வந்துவிடுவார். படி வந்தால் விளிம்பில் நின்று ‘ஏறணும்’ அல்லது ‘இறங்கணும்’ என்று சொல்லிவிட்டு, ஒரு படி முன்னே போங்கள். உட்கார வைக்க, நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்தால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

எப்போதும் கட்டிலின் தலைமாட்டிலிருந்தே தொடங்குங்கள். ஒரு தடவை உங்களோடு. அடுத்த தடவை அவர் சுவரைத் தடவியபடி, நீங்கள் ஓரடி பின்னால். சுவரைத் தடவுவது புறங்கையால், விரல்களைச் சற்று மடக்கி. நீட்டிய விரல் கதவு நிலையில் மோதினால் பிசகிவிடும். கழிப்பறையில் பீங்கான், குழாய், மக்கு, தாழ்ப்பாள் ஒவ்வொன்றையும் கையாலும் காலாலும் தொட்டு அறியட்டும். மக்குக்கு ஓரிடம் குறித்தால் அது அங்கேதான் இருக்க வேண்டும்.

கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், அல்லது முழுக்க மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நேராக நெற்றியைத்தான் பதம் பார்க்கும். கட்டில் தாழ்ந்த நிலையிலும் சக்கரம் பூட்டியும் இருக்க வேண்டும். அழைப்பு மணியின் பொத்தானைத் தலையணைப் பக்கம் கட்டிவிடுங்கள். வெள்ளைக்கோல் அவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். பெருக்க வரும் ஆயா நல்லெண்ணத்தோடு அதை மூலையில் சாத்தி வைப்பதுதான் பெரும்பாலும் சிக்கல். ஆயாவிடமும் சொல்லி வையுங்கள்.

ஊசி குத்தும் கை

டிரிப்ஸ் ஏற்றும் முன் கோல் எந்தக் கையில் பிடிப்பார், பிரெய்லி எந்த விரலால் படிப்பார் என்று கேளுங்கள். முடிந்தவரை மற்றக் கையில் ஏற்றுங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு, பிரெய்லி படிக்கும் ஆள்காட்டி விரலைக் குத்தாதீர்கள். மற்ற விரல்களிலும் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள்.

சாப்பாடு

என்ன பதார்த்தம், எந்தப் பக்கம், எது சூடு என்று முதலில் சொல்லிவிடுங்கள். தட்டைக் கடிகார முகமாக வைத்துச் சொல்லும் கடிகார முறை (பொரியல் 12 மணியில், கூட்டு 3 மணியில்) தெரிந்தவர்களுக்கு வசதி. தெரியாதவருக்கு இடது, வலது, மேல், கீழ் போதும். டம்ளரை முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம். வைத்ததும் அவர் விரலைக் கொண்டுபோய் அதைத் தொட வையுங்கள். கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவருக்கு வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் வைத்தால் தட்டு காலி என்றே தோன்றும். வாழையிலையில் வைத்தால் சோறு எடுப்பாகத் தெரியும்.

மருந்து

வேறு நோய்க்காகச் சேரும்போது வழக்கமாகப் போடும் கண் சொட்டு மருந்து விடுபட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. ‘பார்வைதான் இல்லையே, சொட்டு எதற்கு’ என்று நிறுத்தாதீர்கள்: மிச்சமிருக்கும் வெளிச்சத்தைக் காப்பதும் அழுத்த வலியை அடக்கி வைப்பதும் அதுதான். இரண்டு மருந்துகளுக்கு இடையே 5 நிமிடம் விடுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடித்தால், மருந்து மூக்கு வழியே ரத்தத்தில் கலப்பது குறையும்.

வீட்டுக்கு அனுப்பும்போது காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று என்று தனித்தனி டப்பாக்களில் போட்டு, அவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இன்சுலின் பேனாவில் கிளிக் ஓசையை மட்டும் எண்ணி அளவு வைப்பது ஆபத்து. பின்னால் திருகினாலும் ஓசை கேட்கும், மருந்து தீர்ந்ததும் தெரியாது. அளவை உறுதிசெய்ய வீட்டில் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

இல்லாததைப் பார்க்கிறார் என்றால்

பார்வை இழந்த சிலருக்குப் பூக்களும் கோலங்களும் சின்னச் சின்ன மனிதர்களும் தெரிவதுண்டு. இது சார்ல்ஸ் போனே நோய்க்குறி, மனநோய் அல்ல. உருவம் மட்டும் தெரியும், குரல் கேட்காது. அது நிஜமில்லை என்று அவருக்கே பெரும்பாலும் தெரியும். பைத்தியம் என்பார்களோ என்று பலர் வாயே திறப்பதில்லை, அதனால் நீங்களே கேளுங்கள். குழப்பம், காய்ச்சல், நாள் கிழமை தடுமாறுவது கூடவே இருந்தால் அது வேறு. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கட்டில் மாற்றினாலோ, வேறு வார்டுக்கு அனுப்பினாலோ, கழிப்பறை வழியை முதலிலிருந்து மறுபடி காட்ட வேண்டும்.